சொல்தா வீட்டுக்கு வந்த ரேடியேஷன்

போன மாசி மாதம் ஒரு நாள் காலையில் எதிர்வீட்டுத் தாத்தா ஒரு கடிதத்தோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். அவர் சொல்தா. புதுச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது புரியாது: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு பென்ஷன் வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். சிப்பாய்க்கு பிரெஞ்சில் உள்ள சொல் தெருவில் தேய்ந்து சொல்தா ஆகிவிட்டது. 1956-ல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-ல் நடப்புக்கு வந்த, புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தத்தில், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பம் அவருடையது.

"தம்பி, இத நீ படிச்சுச் சொல்லு. பேரன் போன்ல காட்டிப் பாத்துட்டு, எனக்கு ரேடியேஷன்னு போட்டிருக்குதுங்கறான்."

தாத்தாவுக்கு பிரெஞ்சு பேச வரும். எழுத்து ஓடாது, கண்ணும் மங்கல். பேரனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் கைபேசியைக் கடிதத்தின் மேல் பிடித்திருக்கிறான். அது தன் பாட்டுக்கு, 'உங்கள் கதிர்வீச்சு குறித்த அறிவிப்பு' என்று தமிழில் துப்பியிருக்கிறது. வேறு வீடாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் வீட்டில் சிரிக்க முடியாது. பாட்டிக்குப் போன வருடம்தான் புற்றுக் கட்டிக்காக முப்பது நாள் 'கரண்ட்', அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைத்து முடித்திருந்தார்கள். அந்த வீட்டில் ரேடியேஷன் என்ற சொல் வாசற்படி தாண்டி வந்தாலே எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும்.

கடிதத்தில் விஷயம் சின்னது. வெளிநாட்டில் வசிக்கும் குடிமக்களின் பதிவேட்டில் அவருடைய பதிவுக் காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பட்டியலிலிருந்து பெயரை நீக்குவதற்கு பிரெஞ்சு அலுவலக மொழியில் 'ராதியாசியோன்' என்று பெயர். எழுத்து அப்படியே ஆங்கில ரேடியேஷன்தான். ஒரு எழுத்து கூட மாறாது. வக்கீலை வக்கீல் சங்கத்திலிருந்து நீக்கினாலும் அதே சொல், வாக்காளர் பட்டியலில் பெயரை அடித்தாலும் அதே சொல்.

நான் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு மாற்றிப் பிழைக்கிறவன். பதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் சொல் மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சூரியன் வீசுவதும், புற்றுநோய்க்குக் கொடுப்பதும், பெயரை அடிப்பதும் எப்படி ஒரே சொல் ஆயிற்று?

உண்மையில் அவை ஒரே சொல் இல்லை. பெயரை அடிக்கிற சொல்லுக்கு மூலம் 'ரே' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்: கோடு, அதற்கும் முன்னால் ஏர் கீறிய உழவுசால். ரோமர் வருவதற்கு முன் அங்கே இருந்த கோல் மக்களின் மொழி விட்டுப்போன மிச்சம் அது. கோடு என்பதிலிருந்து கோடு போட்டு அடிப்பது என்ற வினை பிறந்தது. பிற்காலத்து எழுத்தர்கள் அதற்கு லத்தீன் வேட்டி கட்டிவிட ஆசைப்பட்டு, கிட்டத்தட்ட அதே ஓசையில் இருந்த 'ராதியாரே' என்ற லத்தீன் சொல்லைத் தூக்கி மாட்டிவிட்டார்கள். ராதியாரே என்றால் ஒளி வீசு. உழவுசாலுக்கும் சூரியனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுத்தர்கள் கையில் ஒட்டிக்கொண்டன. கடலூர் துறைமுகத்தில் ஏலம் போகும் திருக்கை மீனுக்கு ஆங்கிலத்தில் 'ரே' என்றுதான் பெயர், எக்ஸ்ரேயில் உள்ள அதே ரே மாதிரி. அதுவும் வேறு வீட்டுப் பிள்ளை. மீனுக்கான லத்தீன் சொல் தனி. நம்மிடமும் இந்தக் கூத்து உண்டு. கழுத்தில் போடும் ஆரம் வேறு, வட்டத்தின் ஆரம் வேறு.

அந்த இரண்டாவது ஆரத்தில்தான் கதை இருக்கிறது.

ரேடியேஷனுக்கு மூலமான லத்தீன் சொல் 'ராதியுஸ்'. முதலில் அதற்கு ஒளி என்ற பொருளே கிடையாது. அது ஒரு குச்சி. கம்பு, கோல், கழி என்று நாம் சொல்வோமே, அந்த இனம். பிறகு வண்டிச் சக்கரத்தில் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் குச்சி ராதியுஸ் ஆயிற்று. கணக்குப் பார்க்கிறவன் மணலில் வட்டம் கீறிய கோலும் ராதியுஸ்தான். நெசவாளி தறியில் குறுக்கே ஓட்டும் நாடாவுக்கும் அதே பெயர். மேகத்தின் கிழிசல் வழியாகச் சூரிய ஒளி கீற்றுக் கீற்றாக இறங்குவதைப் பார்த்த ஒருவன் அதையும் குச்சி என்றிருக்கிறான். முன்கையில் கட்டைவிரல் பக்கமாக ஓடும் எலும்பை டாக்டர்கள் ரேடியஸ் என்பதும் அது குச்சி மாதிரி இருப்பதால்தான். கையை ஊன்றி விழுந்து எக்ஸ்ரே எடுத்தவர்கள், குச்சியைக் குச்சியால் படம் பிடித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது தமிழைப் பாருங்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தின் பாகங்களைப் பழைய தச்சர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: நடுவில் குடம், சுற்றிலும் வட்டை, இரண்டையும் சேர்ப்பவை ஆரக்கால்கள். சங்கப் பாட்டுகளில் தேர்ச் சக்கரத்துக்கே ஆரம் வந்துவிட்டது. வடமொழியிலும் 'அர' என்றால் அதே குச்சிதான். பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரத்துக்கு ஆரம் என்று பெயர் வைத்தவர்கள், லத்தீன்காரன் போன அதே பாதையில், வண்டிச் சக்கரத்தைப் பார்த்தே போயிருக்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் வட்டத்தின் ஆரமும் சூரியனின் கதிரும் அவர்களுக்கு ஒரே சொல்: 'ரேயோன்'.

கதிர் என்ற சொல்லோ இன்னும் ருசியானது. வயலில் நெற்கதிர். வானத்தில் கதிரவன். ராட்டையில் நூல் சுற்றும் கூர்மையான இரும்புக் கம்பி, அதுவும் கதிர். லத்தீனில் நெசவாளியின் நாடாவும் சூரியக் கீற்றும் ஒரு சொல்லில் குடியிருப்பதையும், தமிழில் நூற்பவளின் கம்பியும் சூரியக் கீற்றும் ஒரு சொல்லில் குடியிருப்பதையும் முதன்முதலில் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. மெலிந்து, நீண்டு, முனை கூர்ந்த ஒன்றைப் பார்த்த இரண்டு இனங்கள் தறியிலும் வானத்திலும் அதையே கண்டிருக்கின்றன. நெல் முதலில் வந்ததா, வெயில் முதலில் வந்ததா என்ற வழக்கைப் புலவர்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் தை மாதத்தில் புவனகிரிப் பக்கம் விளைந்த வயலில் ஒரு தாளைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். தண்டின் தலையிலிருந்து மணிகள் பக்கவாட்டில் தெறித்து நிற்கும். குழந்தை சூரியன் வரைந்தால் இப்படித்தான் கோடு இழுக்கும்.

எல்லா மொழிக்கும் குச்சி தோன்றவில்லை. ஜெர்மன்காரனுக்கு ஒளிக்கீற்று ஒரு அம்பு: 'ஷ்ட்ரால்' என்ற சொல்லின் பழைய பொருள் அதுதான். வடமொழி கிரணத்துக்கு இறைத்தல், சிதறுதல் என்ற வேர். நுண்ணிய தூசிக்கும் அதே பெயர் உண்டு. கூரை ஓட்டை வழியாக வரும் வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பழைய தமிழ் அறிவியல் எழுத்தில் கிரணமும் நடமாடியது. இப்போது அது ஓரம் போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் கிரகணத்தையே கிரணம் என்கிறார்கள். சூரிய கிரணம் என்றால் வெயில் அடிக்கிறதா, இருட்டுகிறதா என்ற குழப்பம் எதற்கு?

கதிரோடு ஒட்டிய 'வீச்சு'க்கு உரிய மரியாதையை நாம் கொடுப்பதில்லை. காற்று வீசும், மணம் வீசும், மீன் கூடையிலிருந்து வீச்சம் வரும், பரோட்டாக் கடையில் மாவை வீசினால் வீச்சு. ஆனால் ரேடியேஷனுக்குப் பொருத்தமான வீச்சு கடலூர் உப்பனாற்றில் இருக்கிறது. சாயங்காலம் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று வீச்சு வலை போடுவார். மடித்துத் தோளில் போட்டிருக்கும்வரை அது ஒரு துணி மூட்டை. இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி விட்டதும் அது காற்றில் விரிந்து, ஒரு கணம் வட்டமாக நின்று, விளிம்பெல்லாம் ஈயக் குண்டுகள் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். நடு முடிச்சிலிருந்து விளிம்பு வரை நூல்கள் ஆரக்கால் மாதிரி ஓடும். ஒரு மையம், அங்கிருந்து எல்லாத் திசையிலும் நேர்கோட்டில் கிளம்பும் ஏதோ ஒன்று. ரேடியேஷன் என்ற சொல் சொல்வது இவ்வளவுதான்.

வலையை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நடுவில் நெருங்கிக் கிடக்கும் நூல்கள் விளிம்பில் விலகி நிற்கும். கதிர்வீச்சும் தூரம் போகப் போக இப்படித்தான் நீர்த்துப்போகிறது. வலை வட்டமாக விரிகிறது, ஒளியோ உருண்டையாக விரிகிறது; அதனால் இரண்டு மடங்கு தூரம் போனால் வலு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. மூன்று மடங்கு தூரத்தில் ஒன்பதில் ஒன்று.

ஆக, போகிற விதத்தைத்தான் சொல் சொல்கிறது. போவது எது என்று அது சொல்வதே இல்லை. நூற்றாண்டுகளாக அதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை, ஏனென்றால் போனது பெரும்பாலும் வெயிலும் அனலும்தான். ஆங்கிலத்தில் இந்தச் சொல் நுழைந்தபோது ஒளி வீசுவது என்று மட்டுமே பொருள்; பிறகு அடுப்பின் அனலும் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிரும் உண்டு என்று 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் தெர்மாமீட்டரை வைத்துக் கண்டார், அது அகச்சிவப்பு. அடுத்த ஆண்டே ரிட்டர் மறுமுனையில் புற ஊதாவைக் கண்டார். அப்போதும் யாரும் பயப்படவில்லை. கடலூர் முதுநகர்க் கடற்கரையில் மணலில் நெத்திலி பரப்பிக் கருவாடு காயவைக்கும் பெண்கள், 15 கோடி கிலோமீட்டர் தாண்டி எட்டு நிமிடத்துச் சொச்சத்தில் வந்து சேரும் ரேடியேஷனைத்தான் அன்றும் இன்றும் கூலியில்லாமல் வேலை வாங்குகிறார்கள்.

சொல்லின் தலையெழுத்து மாறியது மூன்றே ஆண்டுகளில். 1895 நவம்பரில் வூர்ஸ்பர்க் நகரத்தில் ரோண்ட்கன், சதையைக் கடந்து எலும்பைக் காட்டும் ஒரு கதிரைக் கண்டார். அது என்னவென்று தெரியாததால் கணக்கில் தெரியாத எண்ணுக்கு வைக்கும் எக்ஸ் என்ற பெயரை வைத்தார். தெரிந்துகொண்ட பிறகும் யாரும் பெயரை மாற்றவில்லை. 1896-ல் பாரிஸில் பெக்கரல், யுரேனிய உப்பு தானாகவே எதையோ வீசுகிறது என்று கண்டார். 1898-ல் மேரி கியூரியும் பியர் கியூரியும் அந்தத் தன்மைக்குப் பெயர் வேண்டுமென்று ராதியுஸை எடுத்து 'ரேடியோ ஆக்டிவ்' என்று ஒரு சொல்லைச் செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அறிவித்த புதிய தனிமத்துக்கு ரேடியம் என்று பெயரிட்டார்கள். அந்தக் காலத்தில் மேரி கியூரி எழுதிய குறிப்பேடுகள் இன்னும் கதிரியக்கத்தோடு இருக்கின்றன. ஈயப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ரேடியம்-226 பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும்.

அந்த ரேடியம் நம் ஊருக்கு எப்படி வந்திருக்கிறது தெரியுமா? ஸ்டிக்கர் கடையாக. கடலூரில் பேருந்து நிலையம் தாண்டி நடந்தால் 'ரேடியம் ஒர்க்ஸ்' போர்டு ஒன்றாவது கண்ணில் படும். லாரி பின்புறச் சிவப்புப் பட்டை, பைக் நம்பர் பிளேட், 'அம்மா ஆசி' எல்லாம் ரேடியம். அதில் ஒரு துளி ரேடியம் கிடையாது. மெல்லிய தாளில் பொடிக் கண்ணாடி மணிகளோ நுண்ணிய பட்டைகளோ பதித்திருக்கும். விழுந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். 1910-களிலும் 20-களிலும் கடிகார முள்ளுக்கும் எண்ணுக்கும் நிஜமாகவே ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள், இருட்டில் ஒளிர்வதற்காக. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அந்தப் பூச்சைத் தீட்டிய இளம்பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கப் பழக்கப்பட்டு, பலர் தாடை எலும்பு அரித்துச் செத்தார்கள். பூச்சு போய்விட்டது, பெயர் மட்டும் 'இருட்டில் மின்னுவது' என்ற பொருளோடு நம் தெருவரை வந்துவிட்டது. எங்கள் தெருப் பையன் பைக்குக்கு ரேடியம் ஒட்டிக்கொண்டு வந்து, வீட்டு மாடியில் செல்போன் டவர் வைத்தால் ரேடியேஷன் என்று மனுவில் கையெழுத்து வாங்குகிறான். இரண்டும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று அவனிடம் யார் சொல்வது?

மற்ற பிள்ளைகளையும் ஓடிப் பார்த்துவிடலாம். ரேடியோ, கம்பியில்லாமல் கதிராகப் போகும் தந்தி என்பதன் சுருக்கம். பிரெஞ்சுக்காரனிடம் 'ரதியோ எடுத்தேன்' என்றால் எக்ஸ்ரே எடுத்ததாகப் புரிந்துகொள்வான். லாரியின் ரேடியேட்டர் பெயரில்தான் கதிர், வேலையில் பெரும்பகுதி விசிறிக் காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதுதான். 1924-ல் அமெரிக்காவில் செயற்கைப் பட்டுக்குப் புதுப் பெயர் தேடியபோது அதன் மினுமினுப்புக்காக ரேயான் என்று வைத்தார்கள். கடலூர் ஜவுளிக் கடைகளில் தொங்கும் ரேயான் நைட்டிவரை ராதியுஸ் வந்துவிட்டது. நெஞ்சுவலி என்று போனால் டாக்டர் கேட்பது வலி ரேடியேட் ஆகிறதா என்றுதான். தமிழில் கேட்கத் தெரிந்தவர் 'இடது கைக்குப் பாயுதா' என்பார். ஒரு மூதாதையிலிருந்து பல இனங்கள் கிளைத்துப் பரவுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல். தமிழ்ப் பாடநூல் அங்கே கதிரை இழுக்காமல் தகவமைப்புப் பரவல் என்றது. நல்ல காரியம்.

இழுக்கக்கூடாத இடத்தில் இழுத்ததால் வந்த வினையை எதிர்வீட்டிலேயே பார்த்தேன். ஜப்பானில் ஹிரோஷிமாவும் 1986-ல் செர்னோபிலும் பத்திரிகை படித்தவர்களுக்குக் கதிர்வீச்சைத் தெரியப்படுத்தின என்றால், 2011-ல் ஃபுகுஷிமாவும், அதை ஒட்டி இடிந்தகரையில் கூடங்குளம் உலைக்கு எதிராக எழுந்த போராட்டமும் அதை வீட்டுச் சொல்லாக்கின. போராட்டக்காரர்கள் கேட்ட கேள்விகள் கேட்க வேண்டியவை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. கல்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாங்களும் சுனாமி நாளில் கேட்டுக்கொண்ட கேள்விகள்தான் அவை. ஆனால் அன்றைய செய்திகளில் கதிர்வீச்சும் கதிரியக்கமும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதப்பட்டன, இன்றும் எழுதப்படுகின்றன. கதிரியக்கம் என்பது பொருளின் குணம்: அணு தானாகச் சிதைந்து வீசிக்கொண்டே இருப்பது. கதிர்வீச்சு என்பது வீசப்படுவது. எரியும் விளக்கும் அதன் வெளிச்சமும் மாதிரி. கதிரியக்கத் தூசி சட்டையில் ஒட்டும், பாலில் கலக்கும், மூச்சில் போகும். அதாவது விளக்கே நம் மேல் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. வெறும் கதிர் பட்டால் அது பட்டதோடு சரி, ஒட்டாது, தொற்றாது.

பாட்டிக்கு இதை யாரும் பிரித்துச் சொல்லவில்லை. ரவிக்கை விளிம்புக்கு மேலே ஊதா மையில் கோடு போட்டு அனுப்பியிருந்தார்கள், தினமும் அதே இடத்தில் கதிர் விழ வேண்டும் என்பதற்காக. அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னதால் அந்தப் பக்கம் சோப்பே போடவில்லை. முப்பது நாளும் கைக்குழந்தையாக இருந்த கொள்ளுப்பேத்தியைத் தூக்கவும் இல்லை. தன் தட்டை, தன் டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டார். "என் ஒடம்புல ரேடியேஷன் ஏறியிருக்குது, புள்ளைக்கு ஒட்டிக்கும்" என்றார். யாரும் மறுக்கவில்லை. எனக்கும் அப்போது சொல்லத் தெரியவில்லை.

இந்த விஷயத்தில் அகராதியைவிடத் தெருச் சொல் கெட்டி என்பது என் கட்சி. கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து கோரிமேட்டுக்கு ஜிப்மர் பஸ் பிடித்து வருகிறவர்கள் யாரும் கதிர்வீச்சுச் சிகிச்சை என்று சொல்லமாட்டார்கள். 'கரண்ட் வைக்கிறாங்க' என்பார்கள். படித்தவர்கள் திருத்துவார்கள், அது கரண்ட் இல்லை என்று. ஆனால் இன்று பெரும்பாலான இடங்களில் உள்ள எந்திரம் மின்சாரத்தால்தான் எலக்ட்ரான்களை முடுக்கி ஓர் உலோகத் தகட்டின் மேல் மோதவிடுகிறது. மோதலில் எக்ஸ்ரே பிறக்கிறது. சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றது. டியூப்லைட்டை அணைத்த பிறகு சுவரில் வெளிச்சம் ஒட்டியிருக்கிறதா? அதே கதைதான். கரண்ட் என்று சொன்னவருக்கு இது சட்டென்று புரியும். கதிர்வீச்சு என்று சொன்னவருக்குக் கூடங்குளம் ஞாபகம் வரும். பழைய கோபால்ட் எந்திரத்தில் மட்டும் கதிரியக்கப் பொருள் உண்டு. கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அது ஓயாமல் வீசினாலும் கனத்த உலோகக் கவசத்துக்குள் கிடக்கும், சிகிச்சை நேரத்தில் மட்டும் வழி திறக்கும். அதிலும் நோயாளி கதிரியக்கம் உள்ளவராக ஆவதில்லை.

விலக்கு ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் தப்பு. தைராய்டு புற்றுக்கு அயோடின்-131 விழுங்கக் கொடுப்பார்கள். அது மருந்து வடிவில் உள்ளே போகும் விளக்கு. பாதியாகக் குறைய எட்டு நாள். அவர்களைச் சில நாள் தனியாக வைத்து, குழந்தையையும் கர்ப்பிணியையும் நெருங்கவிடாமல் பார்த்துக்கொள்வது நியாயமான எச்சரிக்கை. பாட்டி செய்தது வேறு யாருக்கோ சொன்ன பத்தியம்.

இனி டவர். மனுவில் கையெழுத்து கேட்டவனுக்கு நான் போட்டுக் கொடுக்கவும் இல்லை, அவனைக் கேலி செய்யவும் இல்லை. கதிர்களை இரண்டாகப் பிரிக்க ஒரு கோடு உண்டு: அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் பலம் அதன் ஒவ்வொரு துளிக்கும் இருக்கிறதா, இல்லையா? அதற்கு ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு அது. எக்ஸ்ரேக்கும் காமாவுக்கும் அது தாராளமாக இருக்கிறது. அதனால்தான் அவை மரபணுவை உடைக்கின்றன, புற்றுச் செல்லைக் கொல்லவும் அதே குணம்தான் பயன்படுகிறது. 1,800 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் ஒரு துளிக்கு இருப்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தென்னை உச்சியில் இருக்கும் தேங்காயைக் கல்லால் அடித்தால் விழும். பொரியை மூட்டை மூட்டையாக எறிந்தாலும் விழாது. பொரி சூடு மட்டும் உண்டாக்கும், டவருக்கான வரம்புகள் அந்தச் சூட்டை வைத்துத்தான் போடப்பட்டிருக்கின்றன. 2012 செப்டம்பர் முதல் இந்தியா அந்த உலக வரம்பையும் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. அதே சமயம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் இந்த அலைகளை 'புற்றை உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் வைத்தது என்பதையும் மறைக்கக்கூடாது. அது, சான்று அரைகுறை, தொடர்ந்து பார்க்க வேண்டும் என்கிற வரிசை.

பையன் விடவில்லை. "அப்ப நம்ம ஒடம்புல ரேடியேஷனே இல்லையாண்ணா?"

இருக்கிறது என்றேன். வாழைப்பழத்திலும் கீரையிலும் வரும் பொட்டாசியத்தில் துளியளவு கதிரியக்கம் உள்ள வகை கலந்தே இருக்கும். வளர்ந்த ஆள் உடம்பில் நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேல் அந்த அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன, உட்கார்ந்திருந்தாலும் தூங்கினாலும். மண், காற்று, வானம் எல்லாவற்றிலுமிருந்தும் மனிதனுக்கு ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வந்து சேருகிறது. அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

கடிதத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தை நிரப்பி, முகவரிச் சான்றை வைத்து, தாத்தாவிடம் கையெழுத்து வாங்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். உழவுசால், கோடு, பெயரை அடிப்பது. இது அந்த ரேடியேஷன் இல்லை, எழுத்து மட்டும்தான் ஒன்று, பிறப்பு வேறு என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கேட்டியா? பேர எடுக்கறதுக்கும் பிரெஞ்சுல ரேடியேஷன்தானாம்."

பாட்டி காபி டம்ளரோடு வெளியே வந்தார். ஊதாக் கோடு எப்போதோ அழிந்துவிட்டது. அந்த இடம் மட்டும் இன்னும் கறுத்துக் கிடந்தது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கும் அதத்தானே பண்ணாங்க. அந்தக் கட்டியோட பேர அடிச்சுட்டாங்க."